அம்பாசிடர் பிறந்த ஊர்

ஹவுராவிலிருந்து பர்த்வான் பக்கம் போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் லிலுவா, பேலூர், பாலி, உத்தர்பாரா என்று வரிசையாக ஊர்ப் பெயர்கள் வரும். அதற்கடுத்த நிலையத்தின் மஞ்சள் பலகையில் இருப்பது ஊர்ப் பெயர் இல்லை, ஒரு கம்பெனியின் பெயர்: ஹிந்த் மோட்டார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்பதன் சுருக்கம். அம்பாசிடர் கார் செய்யப்பட்ட இடம் இது. தொழிற்சாலைக்காக வந்த நிலையத்துக்கு அதன் பெயரையே வைத்தார்கள். நாளடைவில் சுற்றியிருந்த குடியிருப்புக்கும் அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது.

உத்தர்பாரா தமிழர்களுக்கு வேறொரு வகையிலும் தெரிந்திருக்கலாம். அலிப்பூர் சிறையிலிருந்து விடுதலையான அரவிந்தர் 1909 மே 30 அன்று புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியது இங்கேதான். மறு ஆண்டு அவர் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் பழைய நூலகமும் ஜமீன்தார் மாளிகைகளுமாக இருந்த அந்தச் சிற்றூரின் அருகே, நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், கார் தொழிற்சாலை வந்தது.

பிர்லா குடும்பத்தின் பி.எம். பிர்லா 1942-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கியபோது அது குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஒரு சிறிய கூடம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்களை அங்கே பூட்டிக் காராக்கினார்கள். 1948-இல் கம்பெனி உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. காரணம் எளிது. எஃகு ஜாம்ஷெட்பூரிலும் பர்ன்பூரிலும் உருகிக்கொண்டிருந்தது. நிலக்கரி தாமோதர் பள்ளத்தாக்கில் இருந்தது. பக்கத்திலேயே கல்கத்தா துறைமுகம். ஆற்றுக்கு இப்பக்கம் ஹவுராவில், வார்ப்படமும் கடைசலும் பரம்பரைத் தொழிலாகிவிட்ட நூற்றுக்கணக்கான பட்டறைகள். இன்னும் இரண்டு நிலையம் தள்ளி ரிஷ்ராவில்தான் 1855-இல் இந்தியாவின் முதல் சணல் ஆலை எழுந்தது. அதே ஹூக்ளி மாவட்டத்தின் சாகாகஞ்சில் டன்லப் டயர் ஆலை 1936-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது. சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டுப் பழகிய வட்டாரம் அது.

1953-இல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது: பாகங்களை வரவழைத்துப் பூட்டுவது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே படிப்படியாகச் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொழிலில் இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. கார் செய்வதற்கென்று மிஞ்சியவை மூன்றே: பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு, வங்காளத்தில் இந்துஸ்தான். பாகம் செய்து தரும் துணைத் தொழில்கள் நாட்டில் அப்போது பெரிதாக இல்லை. ஆகவே உத்தர்பாரா எல்லாவற்றையும் தானே செய்யக் கற்றுக்கொண்டது. எழுநூறு ஏக்கருக்கு மேல் விரிந்த வளாகத்தில் வார்ப்படச் சாலை, கொல்லுச் சாலை, தகடு அழுத்தும் கூடம், என்ஜின் பிரிவு, பெயின்ட் கூடம் எல்லாம் இருந்தன. மாருதி தலைமுறையில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இன்றைய கார் கம்பெனிகள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான சிறு கம்பெனிகளிடம் பாகங்களை வாங்கிப் பூட்டுகின்றன. உத்தர்பாராவிலோ ஒரு வாயில் வழியாக இரும்பு உள்ளே போனது, இன்னொரு வாயில் வழியாகக் கார் வெளியே வந்தது.

இரும்பு எப்படிக் காராகிறது? முதலில் வார்ப்படம். என்ஜினின் உடலான சிலிண்டர் பிளாக்குக்கு மணலில் அச்சு எடுப்பார்கள். பிளாக்குக்குள் தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்க வழி வேண்டும் அல்லவா? அந்த வழிகளின் வடிவத்தில் மணலைக் கெட்டியாக்கி அச்சுக்குள் வைத்து, உருகிய இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் உள்ளே இருக்கும் மணலை உதிர்த்துக் கொட்டினால், மணல் இருந்த இடமெல்லாம் தண்ணீர்ப் பாதை. அதன் பிறகு சிலிண்டர் துளைகளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு சுத்தமாகக் கடைவார்கள். அதிகச் சுமை தாங்கும் பாகங்களுக்கு வார்ப்படம் போதாது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டி எந்திரத்தால் அடித்து உருவாக்குவதே கொல்லுச் சாலையின் வேலை. நம் ஊர்க் கொல்லர் அரிவாள் அடிக்கும் அதே அறிவு, பல டன் எடையில்.

காரின் உடல் வேறு கதை. லாரிக்கு அடியில் கனத்த இரும்புச் சட்டம் ஒன்று ஓடும். பாரம் முழுவதையும் அதுவே தாங்கும். அம்பாசிடரில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. கூரை, தரை, பக்கத் தகடுகள் எல்லாம் வெல்டிங்கில் ஒன்றாகி, முட்டை ஓடு போல, உடலே பாரத்தைத் தாங்குகிறது. இந்தத் தகடுகளை வளைக்க ராட்சத பிரஸ்கள் வேண்டும். பிரஸ்ஸின் மேலும் கீழும் எஃகில் குடைந்த இரண்டு டைகள் இருக்கும். நடுவில் தட்டைத் தகட்டை வைத்து ஒரே அழுத்து அழுத்தினால் பானெட்டோ மட்கார்டோ வந்து விழும்.

அம்பாசிடர் ஏன் மாறவே இல்லை என்ற கேள்விக்குப் பதில் இந்த டைகளில் இருக்கிறது. அதன் மூல வடிவம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. 1950-களின் இறுதியில் அந்த உருவம் அம்பாசிடர் என்ற பெயரில் உத்தர்பாராவிலிருந்து வெளிவரத் தொடங்கியது. டை செய்வது கார் தொழிலிலேயே செலவு மிகுந்த வேலைகளில் ஒன்று. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கார் விற்றால் அந்தச் செலவு ஒவ்வொரு காரிலும் சிறு தொகையாகப் பிரிந்துவிடும். உத்தர்பாராவோ 1980-களின் உச்சத்தில்கூட ஆண்டுக்கு இருபதாயிரத்துச் சொச்சம் கார்கள்தான் செய்தது. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கே அரசு உரிமம் வாங்க வேண்டிய காலம் அது. அதோடு, உடலே பாரம் தாங்கும் காரில் வடிவத்தை மாற்றினால் வலிமையையும் திரும்பக் கணக்கிட வேண்டும். ஆகவே மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் மாறியபோது முன்பக்கக் கிரில்லும் விளக்குகளும் உள்ளலங்காரமும் மாறின. அந்த வளைந்த முதுகு அப்படியே இருந்தது. நிர்வாகத்தின் சோம்பல் என்று மட்டும் இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காத்திருக்கும் பட்டியல் நீளமாக இருந்தபோது கிடைத்த லாபத்தைப் புதிய டைகளில் போடாதது பிழைதான். ஆனால் அந்தப் பிழைக்குத் தில்லியின் உரிமக் காகிதங்களும் பங்காளி.

வங்காளத்தை வேறொரு கொள்கையும் வாட்டியது. எஃகு நாடு முழுவதும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி 1950-களில் சரக்குக் கட்டணத்தை அரசு சமன் செய்தது. ஜாம்ஷெட்பூருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் ஒரே விலை. தெற்குக்கும் மேற்குக்கும் அது பெரிய உதவி. நம் பகுதி இயந்திரத் தொழில் வளர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் எந்தக் காரணத்துக்காக உத்தர்பாரா தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அந்தக் காரணம் அதனால் பாதி கரைந்துபோனது. இதே கம்பெனி பின்னாளில் மண் அள்ளும் எந்திரங்களையும், 1998-லிருந்து மிட்சுபிஷி லான்சர் காரையும் செய்தது நம் திருவள்ளூரில்.

ஆனாலும் அந்த ஆலை ஒரு வட்டாரத்தையே வளர்த்தது. வங்காளிகளோடு பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் அதன் குடியிருப்புகளில் ஒன்றாக வாழ்ந்தார்கள். ஷிப்டு நேரத்தை வைத்துக் கடைகள் திறந்தன, சம்பள நாளை வைத்துக் கடன் கணக்கு ஓடியது. நமக்கு ஆயுத பூஜை எப்படியோ, வங்காளத்துத் தொழிலாளிக்கு செப்டம்பரில் வரும் விஸ்வகர்மா பூஜை அப்படி. எந்திரங்களுக்கு மாலை விழும், வானம் முழுக்கப் பட்டம் பறக்கும். ஆற்றுக்கு அக்கரையில் கொல்கத்தாவின் தெருக்களில் ஓடிய மஞ்சள் அம்பாசிடர் டாக்சி ஒவ்வொன்றும் இந்த வாயிலைக் கடந்து போனதுதான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இலகுவான, எரிபொருள் குறைவாகக் குடிக்கும் கார். அதன் பிறகு அம்பாசிடருக்கு மிஞ்சியவை அரசு அலுவலகங்களும் டாக்சிகளும். 2010-இல் கொல்கத்தா உள்ளிட்ட பெருநகரங்களில் பி.எஸ். 4 புகை விதி வந்த பிறகு, சொந்த ஊரிலேயே புதிய அம்பாசிடர் டாக்சி விற்க முடியாமல் போனது. விதிக்கேற்ற என்ஜினோடு 2013-இல் வந்த என்கோர் காலம் தாழ்ந்து வந்தது. 2013-14 நிதியாண்டில் விற்றவை சுமார் 2,200 கார்கள். 2014 மே 24 அன்று காலை வேலைக்கு வந்தவர்கள் வாயிலில் 'சஸ்பென்ஷன் ஆஃப் வொர்க்' அறிவிப்பைப் பார்த்தார்கள். அப்போது அங்கே இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கதவு பிறகு திறக்கவில்லை. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரெஞ்சுக் கம்பெனி பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. நிலுவைச் சம்பளத்துக்காக அலைந்துகொண்டிருந்த தொழிலாளிகளுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இதே மாவட்டத்தின் சிங்கூரில்தான் டாடாவின் நானோ ஆலை எழுந்து, நிலப் போராட்டத்தால் 2008 அக்டோபரில் குஜராத்துக்குப் போனது. சாகாகஞ்சு டயர் ஆலையும் மூடிக் கிடக்கிறது. ஆனால் உத்தர்பாராவின் கைகள் முற்றிலும் ஓயவில்லை. அதே ஊரில் டிடாகர் கம்பெனியின் ஆலையில் மெட்ரோ ரயில் பெட்டிகள் செய்கிறார்கள். பெங்களூரின் மஞ்சள் தடத்தில் ஓடும் ரயில்கள் சில அங்கிருந்து வந்தவை. தகட்டை வளைத்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்துத் தெற்கே அனுப்பும் வேலை அந்தக் கரையில் இன்றும் நடக்கிறது.