உயர்ந்த பக்கமும் உள்ளே ஏறும் உபாயமும்

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஸோலண்ட் என்னும் கடற்பகுதியின் ஓரத்தில், பாய்மரப் படகுகளை வைத்திருப்போர் அவற்றை வாடகை கொடுத்துக் கட்டிவைக்கும் மெரினாக்கள் ஏராளமாக உண்டு; கோடைகாலத்துச் சனிக்கிழமை காலையில் அவற்றுள் ஏதேனும் ஒன்றில் கால் மணி நேரம் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள், கோடிக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள அந்த யாட்டுகளுக்குள் அவற்றின் சொந்தக்காரர்களே எவ்வளவு அலங்கோலமாக ஏறுகிறார்கள் என்பதைக் கண்டு ஆச்சரியப்படுவார்கள். அறுபது வயதைத் தாண்டிய கனவான் ஒருவர் மிதவை மேடையில் நின்றபடி கையிலுள்ள பையை முதலில் உள்ளே எறிவார். பிறகு வலது காலைத் தூக்கித் தளத்தின் விளிம்பில் வைக்கப் பார்ப்பார், அது எட்டியும் எட்டாமலும் நழுவும். பின்னாலிருந்து மனைவி தாங்கிப் பிடிக்க, முழங்காலை ஊன்றி, வேலிக் கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்து, ஒருவாறு ஊர்ந்து உள்ளே போய், ஒன்றுமே நடவாததுபோல எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொள்வார். மனைவி எப்படி ஏறுவாள் என்ற பிரச்னை அதற்குப் பிறகுதான் அவர் நினைவுக்கு வரும்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான், கால் நழுவாதவரையில். நழுவினால் விழும் இடம் படகுக்கும் மேடைக்கும் நடுவே உள்ள சந்து. அலையில் அசையும் பல டன் எடையுள்ள படகு அந்தச் சந்தை அகலப்படுத்தியும் குறுக்கியும் கொண்டிருக்கும்.

நீர்மட்டத்திலிருந்து தளம்வரை உள்ள உயரத்தை மாலுமிகள் ஃப்ரீபோர்டு என்பார்கள். பழைய நாளைய சிறு படகுகளில் அது மிகச் சொற்பம். 1942-ஆம் ஆண்டில் ஸ்வீடனில் முதன்முதலாகக் கட்டப்பட்டு, இன்றளவும் ஆயிரக்கணக்கானவர்களின் பிரீதிக்குரியதாக இருக்கும் ஃபோக்போட் என்னும் இருபத்தைந்தடிப் படகில், மேடையிலிருந்து காலை எடுத்து வைத்தால் தளத்தில் இருப்போம். ஆனால் உள்ளே இறங்கிவிட்டால் நிமிர்ந்து நிற்க முடியாது, சமைப்பதும் உடை மாற்றுவதும் குனிந்தபடியேதான். அந்தக் காலத்து மாலுமிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிற்பாடு கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, படகு வாங்குவது ஒரு குடும்பத்தார் சேர்ந்து செய்யும் காரியமாக மாறியபோது, நிமிர்ந்து நிற்க இடமும், இரட்டைக் கட்டில் போட்ட அறையும், குளிக்கும் வசதியும் வேண்டும் என்றார்கள். அத்தனையையும் கொடுப்பதற்குப் பக்கத்தை உயர்த்துவதைக் காட்டிலும் மலிவான வழி வேறில்லை. அதனால் கடலோட்டத்துக்கும் நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: தளத்தில் நீர் எளிதில் ஏறாது, காற்றில் படகு வெகுவாகச் சாயும்போது உயர்ந்த பக்கம் நீரில் அமிழ்ந்து, மிதப்பு விசையைக் கூட்டி, அதை நிமிர்த்த உதவி செய்யும். ஆகவே உயரத்தோடு எனக்குச் சண்டையில்லை. திண்ணையை மார்பளவு உயர்த்திக் கட்டிவிட்டு, படி வைக்க மறந்துவிட்ட கொத்தனாரோடுதான் சண்டை.

மரக்கப்பல் காலத்தவர்கள் இதைவிடப் பன்மடங்கு உயரத்தைச் சமாளித்தவர்கள். அக்காலத்துப் போர்க்கப்பலின் பக்கம் நீர்மட்டத்துக்கு அருகே புடைத்து, மேலே போகப்போக உட்புறமாகச் சாய்ந்திருக்கும். பீரங்கிகளின் பாரம் நடுவை நோக்கி இருக்க வேண்டும் என்பது அதற்கு முக்கியமான காரணமாயினும், அந்தச் சாய்வில் குறுக்குச் சட்டங்களை வரிசையாக அறைந்து, இருபுறமும் பிடிகயிறு தொங்கவிட்டால், ஏறுகிறவனுடைய உடற்பாரம் கப்பலின்மேலேயே விழும் சௌகரியமும் அதனால் கிடைத்தது. பெண்மணிகளையும் நோயாளிகளையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கப்பித் தளவாடத்தால் மேலே தூக்குவார்கள். 1797-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் டெனரிஃப் தீவைத் தாக்கப் போன ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்ஸன், வலது கை குண்டுபட்டுச் சிதைந்து குருதி பெருக, நள்ளிரவில் சிறு படகொன்றில் தம்முடைய தீஸியஸ் கப்பலின் அருகே கொண்டுவரப்பட்டபோது, தம்மைத் தூக்கி ஏற்றுவதற்கு இசையாமல், இடது கையால் கயிற்றைப் பற்றிக்கொண்டு தாமே பக்கத்தின் வழியாக ஏறினார் என்று அவருடைய சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். வைத்தியர் அந்தக் கையை அன்றிரவே வெட்டி எடுத்தார். அவருடைய பெயரையே தாங்கி 1986-இல் கடலோடத் தொடங்கிய 'லார்ட் நெல்ஸன்' என்ற பாய்மரக் கப்பல், அங்கஹீனர்களும் மற்றவர்களும் சரிசமமாகப் பாய் ஏற்றி, சுக்கான் பிடித்துப் பிரயாணம் செய்ய வேண்டும் என்ற நோக்கத்தோடு ஜூபிலி ஸெய்லிங் டிரஸ்ட் கட்டுவித்தது. சக்கர நாற்காலி தடையின்றி உருளக்கூடிய அகன்ற தளங்களும், தளத்துக்குத் தளம் ஏற்றி இறக்கும் மின்தூக்கியும் அதில் அமைத்திருந்தார்கள். எண்பதுகளிலேயே ஒரு பெரிய கப்பலில் இத்தனையையும் யோசிக்க முடிந்தவர்கள் இருந்திருக்க, நாற்பதடி யாட்டை வரைகிறவர்கள் ஒரு படியை யோசிக்காமற்போனது வினோதம்தான்.

இன்றைய யாட்டின் பக்கம் அந்தப் பழைய போர்க்கப்பல்களுக்கு நேர் விரோதமானது. அது செங்குத்தாக நிற்கும், அல்லது மேலே போகப்போக வெளிப்புறமாக விரியும். ஆகையால் விளிம்பிலிருந்து நூலேணி ஒன்றைத் தொங்கவிட்டால் அதன் கீழ்ப்பாதி காற்றில் நிற்கும். கால் வைத்த மாத்திரத்தில் படி உள்நோக்கிப் போய்விட, ஏறுகிறவர் முதுகு நீரை நோக்க, கைகளிலேயே தொங்க வேண்டியதாகும். வாங்கி வைத்த ஏணிகள் பல படகுகளில் பெட்டிக்குள்ளேயே கிடப்பதற்கு இதுதான் காரணம். ஏணியின் பின்புறம் இரண்டு தாங்கு கட்டைகளையோ, உருண்டை மிதவைகளையோ பொருத்தி அதைப் படகின் பக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கச் செய்தால், அதே ஏணி நல்ல ஏணியாகிவிடும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நாற்பதடி யாட்டில் நீர்மட்டத்திலிருந்து தளம் சுமார் 125 சென்டிமீட்டர் உயரம் என்றும், மிதவை மேடை நீருக்கு மேல் 45 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், எஞ்சி நிற்பது 80 சென்டிமீட்டர். வீட்டுப் படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 17 அல்லது 18 சென்டிமீட்டர்தான். நாலரைப் படியை ஒரே எட்டில் ஏறச் சொல்கிறது படகு. ஏறிய பிறகு 60 சென்டிமீட்டர் உயரத்துக் கம்பி வேலி வேறு குறுக்கே நிற்கும். மேடையின்மேல் 40 சென்டிமீட்டர் உயரமுள்ள அகன்ற பெட்டிப் படி ஒன்றை வைத்து, வேலியில் அந்த இடத்துக்கு நேராகத் திறந்து மூடும் வாயில் ஒன்றையும் அமைத்துவிட்டால், எண்பது இரண்டு நாற்பதுகளாகப் பிரிந்துவிடும். முதலில் பார்த்த அந்தக் கனவான் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏறிப் போகலாம். பெட்டியின் அடி அகன்றிருக்க வேண்டும், மேற்புறம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், மேடையோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவுதான் சாஸ்திரம்.

ஆனால் பெட்டி சொந்தத் துறையில்தான் இருக்கும், படகோ ஊர் ஊராகப் போகும். அந்நிய மெரினாவில் போய் நிற்கும்போது படி கூடவே வந்திருக்க வேண்டுமானால் அதைப் படகில் தொங்கவிடுவதே உபாயம். நடுப்பக்கத்தில் கயிறு கட்டுவதற்கென்று பொருத்தியிருக்கும் உலோகக் கொம்பில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் தொங்கலில் ஒன்றரை அடி நீளமுள்ள பலகையை இரண்டு துளைகளின் வழியாகக் கோத்துக்கொள்ளலாம்; பலகையின் பின்புறம் பக்கத்தில் உரசாமலிருக்கப் பழைய கம்பளத் துண்டொன்றை ஆணியடித்துவிட்டால், கடையில் அதிக விலைக்கு விற்கும் மடக்குப் படிகள் செய்யும் வேலையை இது அநேகமாகச் செய்துவிடும். கடைச்சரக்கில் ஒன்றைச் சிலாகிக்க வேண்டுமானால், படகின் பக்கம் மேடையில் இடிபடாமலிருக்கத் தொங்கவிடும் ஃபெண்டரையே தட்டையாக்கி, அதில் படி வெட்டி விற்கிறார்களே, அதைச் சொல்வேன். தொங்கத்தான் போகிறது, காலையும் தாங்கிவிட்டுப் போகட்டும்.

காலுக்குப் படி கிடைத்த பின் கைக்குப் பிடி வேண்டும். வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கண்ணெதிரே நிற்கும் வேலித் தூணைத்தான் பற்றி இழுப்பார்கள். அந்தத் தூண் 60 சென்டிமீட்டர் உயரம். அதன் அடியில் உள்ள போல்ட்டுகளுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அதிகம். மேலே 30 கிலோ பலத்தோடு இழுத்தால் அடியில் போல்ட்டின்மேல் விழும் பாரம் 300 கிலோ. தூண் உடனே ஒடிந்துவிடாது. அடிப்பட்டை மயிரிழை அளவு அசைந்து, அதைச் சுற்றிப் பூசிய அடைப்புப் பசை விட்டுப்போகும். கண்ணாடியிழைத் தளங்கள் பலவற்றின் நடுவே பால்ஸா என்னும் இலேசான மரத்தை வைத்து ஒட்டியிருப்பார்கள்; மழைநீர் அந்தப் போல்ட் துவாரத்தின் வழியாக இறங்கி மரத்தை நனைத்து, சில ஆண்டுகளில், தளத்தில் மிதித்தால் மெத்தென்று அமுங்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். விருந்தாளியின் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கட்டணம் வசூலிக்கப்படுகிறது, ரசீதுதான் தாமதமாக வருகிறது. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடித்திருக்கும் எஃகு வடங்கள் டன் கணக்கில் பாரம் தாங்குபவை. அவற்றைப் பற்றி ஏறச் சொல்ல வேண்டும். வேலியின் வாயிலை அவற்றை ஒட்டி அமைக்காமல் எங்கோ பின்னால் தள்ளி அமைக்கும் வழக்கம் எனக்கு விளங்கவில்லை.

எல்லாத் தேசத்திலும் பக்கவாட்டில்தான் ஏறுகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்றவற்றம் மிகச் சொற்பமான மத்தியதரைக் கடலில் படகின் பின்புறத்தைத் துறைச்சுவரை நோக்கி நிறுத்தி, நீண்ட பலகை ஒன்றைப் பாலமாகப் போட்டு நடந்து போவார்கள். பால்டிக் கடலிலோ முகப்பைப் பாறைக்கருகே கொண்டுபோய் நிறுத்தி, அணியத்தில் மாட்டிய சிற்றேணியில் இறங்குவார்கள். ஏற்றவற்றம் பன்னிரண்டு மீட்டரையும் எட்டும் பிரான்ஸின் ஸான் மாலோ போன்ற இடங்களில் சுவரோரம் கட்டிய படகு வேளைக்கொரு மாடியில் இருக்கும்; அங்கே பக்கத்தின் உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சமீப காலத்து யாட்டுகளின் பின்சுவரையே கீல் வைத்து மடக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு திண்டுபோல இறக்கிவிடும் ஏற்பாட்டைப் பிரமாதமாக விளம்பரம் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் படகை முகப்பு உள்ளே போகும்படி மெரினாவில் கட்டினால், பக்கத்தில் விரல்போல நீளும் மிதவை மேடை குட்டையாயிருந்து, அந்தத் திண்டு மேடைக்கு எட்டாத தூரத்தில் நீருக்கு நேராகத் திறக்கும். பின்னோக்கிச் செலுத்திக் கட்டப் பழகிக்கொள்வதே அதற்கு மாற்று. ஒரு பைசா செலவில்லாத மாற்று, சிறிது வெட்கம்தான் செலவு.

நங்கூரமிட்டு நிற்கும் யாட்டில் ரப்பர்ப் படகிலிருந்து ஏறுவது தனிக் கலை. யாட்டை நோக்கி மனிதன் உந்தும்போது ரப்பர்ப் படகு எதிர்த்திசையில் விலகும். முகப்புக் கயிறு ஒன்றை மட்டும் கட்டியிருந்தால் அதன் பின்புறம் சுழன்றுபோய், ஏறுகிறவர் ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்தபடி நீளுவார். இரு முனைகளையும் கட்டிவிட்டு, நடுவில் நின்று, ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டும்.

நீரிலிருந்து ஏறுவதுதான் இவை எல்லாவற்றிலும் கடினம். வழுக்கிக் கடலில் விழுந்தவனுக்கு ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் தளத்தின் விளிம்பு தெரியும், கை எட்டாது, எட்டினாலும் நனைந்த உடைகளோடு உடலை வெளியே இழுக்கும் வலிமை பெரும்பாலோர்க்கு இல்லை, மூச்சைக் காக்கும் ஊதிப் புடைத்த மிதவைச் சட்டையே மார்புக்கும் ஏணிக்கும் நடுவே தடையாக நிற்கும். பத்துப் பாகை அளவே சூடுள்ள வசந்தகால ஆங்கிலக் கால்வாயில் கைகளும் விரல்களும் சொன்னபடி கேட்கும் அவகாசம் ஏறத்தாழப் பத்து நிமிஷம்தான் என்பது, குளிர்நீரில் தாமே பலமுறை இறங்கிச் சோதித்த கனடா தேசத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் எடுத்துக்கூறும் கணக்கு. நடுக்கடலில் எல்லோரும் குளிப்பதற்குக் குதித்துவிட்டு, ஏணியை இறக்க மறந்துபோய், ஏற வழியின்றித் தவிப்பதையே முழுக் கதையாக்கி 2006-இல் ஒரு திரைப்படம் வந்தது. மாலுமிகள் அதைப் பார்த்துக் கேலி செய்தாலும், மறுநாள் தம் ஏணியைப் போய்ப் பார்த்திருப்பார்கள்.

நீரில் இருப்பவர் பிறர் உதவியின்றித் தாமே எட்டிப் பிடிக்கவோ இறக்கவோ கூடியதாக ஏறும் சாதனம் ஒன்று படகில் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய யூனியனின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. புதுப் படகுகளுக்குத்தான் அந்த விதி. பழைய படகை வைத்திருப்பவர், நூலேணி ஒன்றைச் சுருட்டிச் சிறு துணிப்பையில் திணித்துப் பின்புறத்து வேலியில் கட்டி, பையைத் திறக்கும் இழுகயிற்றின் நுனியை நீரிலிருப்பவர் கைக்கு எட்டும்படி தொங்கவிடலாம். ஏணியின் கடைசிப் படி நீருக்கு மேலே நின்றால் முழங்காலை மார்புவரை மடக்க வேண்டியிருக்கும், ஆதலால் குறைந்தது இரண்டு படிகளாவது நீருக்குள் இருக்கும் நீளத்துக்கு அதை அமைத்து, இலேசான பிளாஸ்டிக் படியானால் அடியில் ஈயக்கட்டி ஒன்றைக் கட்டி அமிழச் செய்ய வேண்டும். துறைக்குள் அமைதியான ஒரு பிற்பகலில், உள்ளாடையோடு அல்ல, கடலுக்குப் போகும் முழு உடையோடும் ஊதிய மிதவைச் சட்டையோடும் தாமே நீரில் இறங்கி அதில் ஏறிப் பார்க்க வேண்டும். ஏற முடியாவிட்டால், பாயை மேலே ஏற்றும் கயிற்றையும் அதைச் சுற்றி இழுக்கும் வின்ச் என்னும் உருளையையும் கொண்டு தம்மைத் தூக்க மனைவிக்குத் தெரியுமா என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொண்டுவிடலாம். எண்பது கிலோ எடையுள்ள கணவரை அந்த வின்ச் தாராளமாகத் தூக்கும், கைப்பிடி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தால்.