மதுரையில் 11 நிமிடத்துக்கு ஒருவர்... தெரியுமா?

மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை வளர்ச்சியை ஒரே வரியில் எழுதிவிடலாம், தெரியுமா? பள்ளியில் நாம் போட்ட அதே நேர்க்கோட்டுச் சமன்பாடு போதும்!

2001 கணக்கெடுப்பில் 25,78,201 பேர். 2011இல் 30,38,252 பேர். பத்தே ஆண்டில் 4,60,051 பேர் கூடிவிட்டார்கள்! அதாவது ஆண்டுக்கு 46,005. இதுதான் கோட்டின் சாய்வு! இன்னும் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 126 பேர்! பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் எல்லாம் கூட்டிக் கழித்த பிறகும் பதினொன்றரை நிமிடத்துக்குள் ஒருவர்! இரண்டரை மணி நேரப் படம் பார்த்துவிட்டுத் தியேட்டரை விட்டு வருவதற்குள் 13 பேர் கூடியிருப்பார்கள்!

அதே கோட்டில் பின்னோக்கிப் போனால்? 1945இல் மாவட்ட மக்கள்தொகை பூஜ்ஜியம்! ஒருவர்கூட இல்லை! ஆனால் 1901லேயே மதுரை நகரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள்!

முன்னோக்கிப் போனால்? 2101இல் சுமார் 72 லட்சம் என்கிறது கோடு. ஆண்டுக்கு இத்தனை பேர் என்று கூட்டாமல், அதே பத்தாண்டின் வளர்ச்சி விகிதத்தைக் கூட்டுவட்டி போலப் பெருக்கினால்? 1 கோடியே 33 லட்சம்! ஒரே புள்ளிவிவரம், இரண்டு கணக்கு, 61 லட்சம் பேர் வித்தியாசம்!

இதைவிட வியப்பு மாநகராட்சிக் கணக்கு! 1981இல் 8.21 லட்சம், 1991இல் 9.41 லட்சம். கோட்டை நீட்டினால் 2001இல் 10.61 லட்சம் வரவேண்டும். வந்தது எவ்வளவு தெரியுமா? 9.29 லட்சம்தான்! ஏறாமல் இறங்கிவிட்டது! மதுரை சுருங்கிப்போனதா? இல்லவே இல்லை! மாநகராட்சி எல்லைக்கு வெளியே திருப்பரங்குன்றம், ஆனையூர், அவனியாபுரம் பக்கம் ஊர் பெருகிக்கொண்டே இருந்தது! 2011இல் இந்த மூன்றையும் அக்கம்பக்கத்துப் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு இணைத்தார்கள். 72 வார்டுகள் 100 ஆயின! சுமார் 52 சதுர கிலோமீட்டர் ஏறக்குறைய 148 ஆனது! பழைய எல்லைக்குள் எண்ணினால் 10.18 லட்சம், புதிய எல்லைக்குள் எண்ணினால் 14 லட்சத்துக்கும் மேல்! எல்லை நகரும் என்பது எந்தச் சமன்பாட்டுக்கும் தெரியாது!

2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு வந்திருக்கிறது. மாவட்டத்துக்கு நம் கோடு சொல்லும் எண் 37.74 லட்சம். குறித்து வையுங்கள்!