முட்டைப் பெட்டியில் எந்தச் சொல்லுக்குப் பணம் தருகிறோம்?

எம் கிளைக்கு வழக்கமாக வரும் ஓய்வூதிய வாடிக்கையாளர் ஒருவர், சென்ற மாதம் கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டுக்கொண்டபின் ஒரு முட்டைப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "வைப்பு ரசீதில் அச்சிட்டிருப்பதை நம்புகிறேன். இதில் அச்சிட்டிருப்பதை நம்பலாமா?" என்று கேட்டார். பேத்திக்காக அவர் வாங்குவது 'ஃப்ரீ ரேஞ்ச்' முட்டை. சாதாரண முட்டையைவிட விலை மிக அதிகம்.

கேள்வி நியாயமானது. நால்வர் உள்ள வீட்டில் நாளுக்கு 4 முட்டை. ஒரு முட்டைக்குக் கூடுதலாக 8 ரூபாய் தருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 11,680 ரூபாய் ஆகிறது. ஒரு சிறிய தொடர் வைப்புக் கணக்கையே நடத்திவிடக்கூடிய தொகை இது.

முட்டை வணிகத்தில் புனேவுக்குத் தனி இடம் உண்டு. 1971இல் தொடங்கப்பட்ட வெங்கடேஸ்வரா ஹேச்சரிஸ் குழுமத்தின் தலைமையகம் இந்நகரில்தான் உள்ளது. அதன் நிறுவனர் டாக்டர் பி.வி. ராவின் முயற்சியால் 1982இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, புனேவுக்கும் நாமக்கல்லுக்கும் பிற மையங்களுக்கும் நாள்தோறும் பரிந்துரை விலை அறிவிக்கிறது. அவ்விலை பெரும்பாலும் கூண்டுப் பண்ணைகளின் சாதாரண முட்டைக்கானது. அதற்கு மேல் நாம் தருவது பெட்டியின்மேல் உள்ள சொல்லுக்குத்தான்.

அச்சொற்களுள் சட்டத்தின் பிடியில் தெளிவாக உள்ளது 'ஆர்கானிக்' ஒன்றே. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு இயற்கை உணவு விதிகளின்படி, ஒரு பொருளை ஆர்கானிக் என்று விற்க, தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் சான்றோ பி.ஜி.எஸ். இந்தியா சான்றோ வேண்டும். சான்று பெற்ற பெட்டியில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கும். முட்டையைப் பொறுத்தவரை இச்சான்றின் உட்பொருள் கனமானது: கோழியைக் கூண்டில் அடைக்கக் கூடாது, தீவனம் இயற்கை வேளாண்மையில் விளைந்ததாக இருக்க வேண்டும், நோய் வருமுன்னரே தடுப்பாக ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கொடுத்து வரக் கூடாது. விலை உயர்வதற்கு முதற்காரணம் அத்தீவனமே.

'ஃப்ரீ ரேஞ்ச்' என்பதன் நிலை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அச்சொல்லுக்கு அளவுகோல் உண்டு. கோழி ஒன்றுக்குத் திறந்தவெளியில் 4 சதுர மீட்டர் இடம் வேண்டும். முட்டை ஓட்டின்மேலேயே எண் அச்சிடப்படுகிறது: 0 என்றால் ஆர்கானிக், 1 திறந்தவெளி, 2 கொட்டகை, 3 கூண்டு. நம் நாட்டு முட்டை ஓட்டில் அத்தகைய கட்டாய எண் இல்லை. ஆகவே இங்கு 'ஃப்ரீ ரேஞ்ச்' என்பது விற்பவரின் வாக்குறுதி. வாக்குறுதி என்பதால் பொய் என்று பொருளல்ல. ஆனால் பிணையில்லாக் கடனைப் போல, கொடுப்பவரை விசாரித்தே ஏற்க வேண்டியது. பண்ணை எங்குள்ளது, கோழிகள் நாளில் எத்தனை மணி நேரம் வெளியே மேய்கின்றன என்பவற்றை நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம். 'கூண்டில்லா' முட்டை என்றால் கோழி வெயிலைக் கண்டது என்றும் கொள்ள வேண்டாம். கொட்டகைக்குள்ளேயே தரையில் வளர்ந்திருக்கலாம்.

நிறத்தைப் பார்த்து ஏமாறுவோர்தாம் மிகுதி. ஓட்டின் பழுப்பு நிறம் கோழியின் இனத்தால் வருவது. பழுப்பு முட்டையிடும் கோழிகளையும் கூண்டில் வளர்க்க முடியும். மஞ்சள் கருவின் ஆழ்ந்த நிறமும் தீவனத்தால் அமைவதே. மக்காச்சோளமோ சாமந்திப் பூச் சாறோ சேர்த்தால் நிறம் கூடும். மண்டையில் 'காவ்ரான்' என்றும் நம்மவர் 'நாட்டுக்கோழி' என்றும் கேட்டு வாங்கும் முட்டைக்கு இவ்விரண்டையுமே அடையாளமாகக் காட்டுகின்றனர். இவற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது.

இதில் ஒரு நெருடலும் உண்டு. முத்திரை இல்லாதவர் அனைவரும் ஏமாற்றுக்காரர் அல்லர். சான்று பெறும் செலவைத் தாங்க இயலாத சிறு விவசாயிகள் உள்ளனர். குறிப்பிட்ட வரம்புக்குள் விற்பனை செய்யும் சிறு உற்பத்தியாளர், சான்றின்றியே நுகர்வோருக்கு நேரடியாக விற்க விதிகளில் இடமுண்டு. ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் அவர் பயன்படுத்த முடியாது. அவருடைய பண்ணையை ஒருமுறை நேரில் சென்று பார்க்க முடிந்தால், எங்கள் கருத்தில் அதுவே போதுமான சான்று. கடன் விண்ணப்பம் வந்தால் நாங்களும் பண்ணையை நேரில் பார்த்த பின்னரே கையெழுத்திடுகிறோம்.

அன்று வந்த வாடிக்கையாளரின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். 14 இலக்க உரிம எண் இருந்தது. பொதி செய்த நாளும் இருந்தது. பச்சை வயலும் மேயும் கோழியும் படமாக இருந்தன. ஜைவிக் பாரத் முத்திரை இல்லை. பண்ணையின் ஊர்ப்பெயரும் இல்லை. பேத்திக்கு முட்டையின் புரதம் எந்தப் பெட்டியிலிருந்தும் கிடைக்கும் என்றோம். அவர் சற்று யோசித்து, பெட்டியில் இருந்த தொலைபேசி எண்ணைக் கண்ணாடி அணிந்து குறித்துக்கொண்டார்.