எண்ணெய்க் களிப்பாறையின் வெப்பச்சிதைவு: எஸ்தோனியாவின் குக்கர்சைட்டை முன்வைத்து

முன்னுரை

எண்ணெய்க் களிப்பாறை என்னும் பெயர் மயக்கம் தரவல்லது. அப்பாறையில் எண்ணெய் இல்லை. எண்ணெயாக மாறத்தக்க கெரோஜன் என்னும் திடக் கரிமப்பொருளே உள்ளது. பெரிய மூலக்கூறுகள் குறுக்குப் பிணைப்புகளால் பின்னப்பட்ட கெரோஜன், கரிமக் கரைப்பான்களில் கரைவதில்லை. ஆதலின் அதனை எண்ணெயாக்க வெப்பம் தேவைப்படுகிறது. எஸ்தோனியாவின் வடகிழக்கில் கிடைக்கும் குக்கர்சைட் இதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன், ஓர்டோவிசியக் காலக் கடலில் படிந்த நுண்ணுயிர்களின் எச்சமே அதன் கெரோஜன்.

சிதைவின் படிநிலைகள்

காற்றுப் புகாத வாலையில் பாறையைச் சூடேற்றும்போது முதலில் ஈரம் நீங்குகிறது. 350°C கடந்தபின் வலுக்குறைந்த பிணைப்புகள் அறுந்து பிற்றுமன் உருவாகிறது. 500°C அளவில் அது மேலும் சிதைந்து எண்ணெய் ஆவியையும் வளிமத்தையும் தர, கரி எஞ்சுகிறது. கார்பன்-கார்பன் பிணைப்பு பிளவுறும்போது தனி உறுப்புகள் தோன்றுகின்றன. அவற்றுள் சில ஹைட்ரஜனைக் கவர்ந்து ஆல்கேன்களாகின்றன. சில மேலும் பிளந்து ஆல்கீன்களைத் தருகின்றன. ஆல்கீன் மிகுந்த எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துக் கெடும் இயல்புடையது. எனவே உயர்தர எரிபொருளாக்க ஹைட்ரஜனேற்றம் வேண்டப்படுகிறது. குக்கர்சைட் கெரோஜனில் ஆக்சிஜன் மிகுதி. அதனால் எண்ணெயில் பீனால்கள், குறிப்பாக ஆல்கைல் ரிசார்சினால்கள், மிகுந்துள்ளன. இவை பிசின், பசை முதலியவற்றிற்கு மூலப்பொருளாகின்றன.

வெப்பத்தின் எல்லை

வெப்பநிலையைக் கூட்டக் கூட்ட எண்ணெய் பெருகும் எனக் கொள்வது பிழையாகும். 500°C-ஐ வெகுவாகக் கடந்தால் எண்ணெய் ஆவியே மீண்டும் சிதைந்து வளிமமாகவும் கரியாகவும் மாறிவிடும். மேலும், குக்கர்சைட்டிலுள்ள சுண்ணாம்புக் கார்பனேட் ஏறத்தாழ 700°C-க்கு மேல் சிதைந்து, வெப்பத்தை உறிஞ்சிக் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். இது எரிபொருளை வீணாக்குவதோடு வளிமண்டலத்திற்கும் சுமையாகிறது.

இரு முறைகள்

எஸ்தோனியாவில் இருவகை வாலைகள் வழக்கிலுள்ளன. கிவிட்டர் முறையில் செங்குத்து வாலையில் இடப்பட்ட பாறைக்கட்டிகளினூடே சூடான வளிமம் செலுத்தப்படுகிறது. கலோட்டர் முறையில் பொடித்த பாறையுடன் சூடான சாம்பல் கலக்கப்படுகிறது. சிதைவின்பின் எஞ்சும் கரியைத் தனி உலையில் எரித்து, அச்சாம்பலே மீண்டும் வெப்ப ஊடகமாக்கப்படுகிறது. முதல் முறையில் கரி பெரும்பாலும் எரியாமல் கழிவோடு வெளியேறுகிறது. இரண்டாம் முறையிலோ அக்கரியே செயல்முறைக்கு வெப்பம் அளிக்கிறது.

முடிவுரை

கோஹ்ட்லா-யார்வே நகரையொட்டி உயர்ந்து நிற்கும் கழிவுக்குன்றுகள் முதல் முறையின் எச்சமாகும். அவற்றினூடே கசியும் மழைநீர் பீனால்களைக் கரைத்து நிலத்தடி நீரை மாசுறுத்தவல்லது. எனவே வெப்பச்சிதைவை மதிப்பிடுகையில் கிடைக்கும் எண்ணெயின் அளவை மட்டுமன்றி, எஞ்சும் கரியும் பீனாலும் எங்குச் சேர்கின்றன என்பதையும் கருதுதல் இன்றியமையாததாகும்.