மூன்றாவது டீச்சர் எப்போது வருவார்?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்து ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரார் அதைச் ‘சாமியார் பள்ளிக்கூடம்’ என்பார்கள்.

இந்த வகைப் பள்ளிகளுக்கு வேர் நீளம். 1844இல் புதுச்சேரியில் கூடிய கத்தோலிக்கக் குருக்களின் மாமன்றம் கல்வியில் அக்கறை காட்டியது. அதே ஆண்டு துய்ப்புயி என்ற பிரெஞ்சுக் குரு, பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஒரு கன்னியர் சபையையே தொடங்கினார். 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் பள்ளிக்கும் அரசு மானியம் கிடைக்க வழி செய்தது. கிராமங்களில் பல இடங்களில் ஞாயிறு பூசை நடக்கும் கோயிலே மற்ற நாளில் வகுப்பறை. ஜெபம் சொல்லித்தரும் உபதேசியாரே வாத்தியார். வேறு பள்ளிகள் வாசலிலேயே நிறுத்திய பிள்ளைகள் பலர் எழுத்தறிந்தது அங்கேதான்.

இன்றும் ஏற்பாடு அதே மாதிரிதான். அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் எங்கள் சம்பளம் அரசுடையது. கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. பங்குச்சாமியாரே தாளாளர். காணிக்கைப் பணத்தில் கூரை மாறுவதற்குள் ஒரு தலைமுறை படித்து முடித்துவிடும். 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகிய பிறகு, ஓலைக்கூரைக்குப் பள்ளிகளில் இடமில்லாமல் போனது.

ஆனால் பள்ளியின் ஆயுளைத் தீர்மானிப்பது கூரையல்ல, ஆகஸ்ட் 1ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் இருக்கும் தலைக்கணக்கு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஒரு பிள்ளை கூடினால்தான் மூன்றாமவர். குறைந்தால் ஒருவர் ‘உபரி’. அதனால் மே, ஜூனில் வீடு வீடாக ஏறி இறங்குவோம். “இங்கிலீஷ் மீடியம் இருக்கா டீச்சர்? வேன் வருமா?” என்று கேட்பார்கள். இரண்டுமே எங்களிடம் இல்லை.

2022இல் அரசுப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியபோது எங்களைப் போன்ற பள்ளிகள் அதில் சேரவில்லை. முதல் ஷிப்டுக்காக விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறும் தாய்மார் நிறைந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில், கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு விரிவானது. 3,995 பள்ளிகள், சுமார் 2.23 லட்சம் பிள்ளைகள்.

இப்போது எங்கள் ஊர் லைன் வீடுகளில் பீகார், ஒடிசாக் குடும்பங்கள். அவர்கள் வேன் கேட்பதில்லை. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். ஆனால் ‘அ’ எழுதப் பழகும் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தனியாக நேரம் வேண்டும். ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்தும்போது அந்த நேரம் எங்கிருந்து வரும்? சாப்பாடு வந்துவிட்டது. தலைக்கணக்கை மட்டும் பார்க்காமல், அந்தத் தலைகள் பேசும் மொழியையும் பார்த்து மூன்றாவது டீச்சரைக் கொடுங்கள்.