கட்டடம் இடியலாம், கடை இடியக் கூடாது

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் கடை வைத்திருப்பவரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால், நான்கு திசையையும் கையால் காட்டுவார். மேற்கே விருத்தாசலம், கிழக்கே புவனகிரி, சிதம்பரம், வடக்கே வடலூர், நெய்வேலி, தெற்கே காட்டுமன்னார்கோவில், கும்பகோணம். நாலு வழியும் வந்து கூடும் வெள்ளாற்றங்கரை ஊர் இது. எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரைவை நடக்கும் மாதங்களில் கரும்பு வண்டிகள், அறுவடைக் காலத்தில் நெல் வண்டிகள் என்று ரோடு ஓய்வதே இல்லை. ரோடு இருப்பதால்தான் இங்கே கடை. அந்த ரோடே இப்போது கடையைக் கேட்டு வருகிறது.

விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை முன்பு 45சி என்று சொன்னோம். இப்போது அதன் எண் 36. தஞ்சாவூர் வரை சுமார் 165 கிலோமீட்டர் தூரத்தை விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு–சோழபுரம், சோழபுரம்–தஞ்சாவூர் என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து நான்கு வழிச் சாலையாக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. இப்படிச் சாலை அகலமாகும் வழிகளில் எல்லாம் முதலில் போவது பழைய கட்டடங்கள். திண்ணை வைத்த ஓட்டுக் கடைகள், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் பாவிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெத்தைக் கட்டடங்கள், ஒன்று, இரண்டு என்று எண் போட்டு மாட்டும் பலகைக் கதவுகள். தாத்தா காலத்தில் மாட்டு வண்டி போகும் அகலத்துக்கு ஏற்றபடி கட்டியவை. இன்றைய லாரிக்கு அவை இடைஞ்சலாகிவிட்டன.

சாலை வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்ல நாம். சரக்கு நேரத்துக்கு வந்து சேர வேண்டும், லாரி வாடகை குறைய வேண்டும், விபத்து குறைய வேண்டும் என்பதில் நமக்குத்தான் அக்கறை அதிகம். பழையது எல்லாம் நிற்க வேண்டும் என்றும் நாம் வாதாடவில்லை. பராமரிக்காத பழைய கட்டடம் ஆபத்தானது. புதுச்சேரியில் கடற்கரையோரம் இருந்த பிரெஞ்சுக் காலத்து மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழையில் தானாகவே இடிந்து விழுந்ததை நாம் அறிவோம். நம் கேள்வி வேறு. கட்டடம் போகும்போது அதற்குள் நடந்த வியாபாரம் என்ன ஆகிறது? அதற்கு யார் கணக்குச் சொல்வது?

உரிமையாளருக்குப் பணம், வாடகைதாரருக்கு?

நெடுஞ்சாலை ஓரத்தில் மளிகைக் கடை நடத்திய ஒரு அன்பர் நம்மிடம் வந்தார். முப்பது வருடமாக ஒரே கடை, ஒரே உரிமையாளர். வாடகையை மாதா மாதம் கையில் கொடுத்துவிடுவார், ரசீது கேட்டதில்லை. அண்ணன் தம்பி மாதிரிப் பழகிவிட்டு ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணியவர். நில எடுப்பு அறிவிப்பு வந்தது. இடத்துக்கும் கட்டடத்துக்கும் உரிய இழப்பீடு உரிமையாளருக்குப் போனது. இவருக்குக் கிடைத்தது, "பதினைந்து நாளில் சரக்கை எடுத்துவிடுங்கள் அண்ணே" என்ற ஒரு வார்த்தைதான். அட்வான்ஸ் தொகை மட்டும் திரும்பி வந்தது. ஊருக்குள் நிலுவையில் நின்ற கடன் வரவில்லை. கடை எங்கே போயிற்று என்று தெரியாத வாடிக்கையாளர் வேறு கடைக்குப் பழகிக்கொண்டார்.

"எனக்கு எதுவும் வராது என்றுதான் நினைத்தேன், அதனால் எங்கும் போய்க் கேட்கவில்லை" என்றார் அவர். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். அவர் நினைத்தது தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி. அதில் நாம் மனதில் வைக்க வேண்டிய படிகள் சில உண்டு.

முதலில் 3ஏ பிரிவின் கீழ் அறிவிக்கை வரும். அது இரண்டு நாளிதழ்களில் வெளியாக வேண்டும். அவற்றில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அடுத்து 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசைச் சேர்ந்துவிடும். அதன் பிறகு இழப்பீட்டை நிர்ணயிக்கும் அதிகாரி, 3ஜி பிரிவின் கீழ் பொது அறிவிப்புக் கொடுத்து, அந்த நிலத்தில் அக்கறை உள்ள எல்லோரும் தங்கள் கோரிக்கையைச் சொல்லலாம் என்று அழைக்க வேண்டும்.

சட்டம் அழைப்பது உரிமையாளரை மட்டும் அல்ல, அக்கறை உள்ள எல்லோரையும். அதே பிரிவின் ஏழாவது உட்பிரிவு, இழப்பீட்டைக் கணக்கிடும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. அதில், நில எடுப்பினால் ஒருவர் தம் தொழில் இடத்தை மாற்ற நேர்ந்தால் அதற்கு ஆகும் நியாயமான செலவையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதும் ஒன்று. வருமானத்துக்கு ஏற்படும் பாதிப்பும் அந்த வரிசையில் இருக்கிறது. அலமாரி கழற்றி மாட்டுவது, சரக்கு ஏற்றி இறக்குவது, புதிய மின் இணைப்பு, பெயர்ப்பலகை ஆகிய எல்லாவற்றுக்கும் பில் வைத்துக் கேட்கலாம்.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு விதிகள் 2015 ஜனவரி 1 முதல் தேசிய நெடுஞ்சாலை நில எடுப்புக்கும் பொருந்துகின்றன. அந்தச் சட்டத்தில் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்ற சொல்லுக்குள் நிலம் இல்லாத வாடகைதாரரும் வருகிறார். நில எடுப்புக்கு முன் மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் தொழில் செய்து, அதுவே முக்கிய வாழ்வாதாரமாக இருந்திருக்க வேண்டும். அதன் இரண்டாம் அட்டவணையில், இடம்பெயர நேரும் சிறு வியாபாரிக்குக் குறைந்தது ரூ.25,000 ஒருமுறை உதவித்தொகை என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். தொகை பெரிதல்ல, ஒரு லோடு அரிசிக்குக்கூடப் போதாது. ஆனால் சிறு வியாபாரி என்று ஒருவர் இருக்கிறார் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கே அது பயன்படும்.

தொகை குறைவு என்று பட்டால் நடுவரிடம் விண்ணப்பிக்கலாம். பங்கு பிரிப்பதில் உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் தகராறு என்றால் அதை அதிகாரி சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது. மாநில நெடுஞ்சாலை என்றால் 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் வரும். எனவே எந்தச் சாலை, எந்தச் சட்டம் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, வக்கீலைக் கலந்து செயல்பட வேண்டும்.

ஆக்கிரமிப்பு என்று சொன்னால்

கடை முன்னால் தகரக் கூரை இறக்கியிருப்போம். சாக்கு மூட்டை வைக்க இரண்டடி நீட்டியிருப்போம். அது புறம்போக்கு என்றால் அதற்கு இழப்பீடு கேட்க முடியாது. இதை நாமே நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆக்கிரமிப்பு என்று வாயால் சொல்லிவிட்டு மறுநாளே பட்டா இடத்தின் சுவரையும் சேர்த்து இடிப்பதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை.

உத்தரப் பிரதேசத்தில் மகராஜ்கஞ்ச் என்ற ஊரில் 2019இல் சாலை அகலப்படுத்துவதாகச் சொல்லி ஒருவரின் வீட்டை முறையான நோட்டீஸ் இல்லாமல் இடித்தார்கள். அந்த வழக்கில் 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவருக்கு இடைக்காலமாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. அத்தோடு சாலை அகலப்படுத்தும்போது எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டிய முறையையும் சொன்னது. ஆவணப்படி சாலையின் அகலம் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். அளந்து ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்று அறிய வேண்டும். இருந்தால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபத்தைக் கேட்டு, காரணத்தோடு முடிவு சொல்லி, அகற்றிக்கொள்ள அவகாசம் தர வேண்டும். சொந்த இடம் தேவை என்றால் சட்டப்படி நிலத்தை எடுத்த பிறகே இடிக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஆவணப்படி ரோட்டின் அகலம் எத்தனை அடி?" என்பதே.

உரிமையாளரே இடிக்கும்போது

அரசாங்கம் மட்டும் இடிப்பதில்லை. ரோடு அகலமானதும் இடத்தின் விலை ஏறுகிறது. மிச்சமிருக்கும் பழைய கட்டடத்தைத் தள்ளிவிட்டு வணிக வளாகம் கட்ட உரிமையாளர் விரும்புகிறார். அவர் இடம், அவர் விருப்பம். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. பழைய வாடகைச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யும் வாடகைதாரர் மறுபடியும் உள்ளே வர வேண்டும் என்றால், இரு தரப்பும் அதற்கு ஒப்புக்கொண்டு புதிய ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். "கட்டி முடித்ததும் உங்களுக்குத்தான் முதல் கடை" என்று வாயால் சொன்ன வார்த்தையை நம்பிக் காலி செய்தால், நாளை புது வளாகத்தில் முன்பணம் அதிகம் தருபவருக்கே அந்தக் கடை போகும். எத்தனை சதுர அடி, தரைத்தளமா, எத்தனை மாதத்தில், என்ன வாடகை என்பதை எழுதி வாங்கிய பிறகே பலகைக் கதவைக் கழற்றுங்கள்.

பெரிய ஊர்களின் அனுபவமும் நமக்குப் பாடம். சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போக, மார்க்கெட் நின்ற இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. கொத்தவால் சாவடியின் மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது, ஒரேயடியாகக் காலி செய்வதை வியாபாரிகள் சேர்ந்து நின்று எதிர்த்தார்கள். தனித்தனியாகப் போய் நின்றால் கிடைக்காத பேச்சு, சேர்ந்து போனால் கிடைக்கிறது.

இன்றே எடுத்து வைக்க வேண்டியவை

முப்பது வருடம் கடை வைத்திருந்தேன் என்று சொன்னால் போதாது. காகிதம் அதைச் சொல்ல வேண்டும். அந்தக் காகிதங்கள் பெரும்பாலும் நம் கல்லாப்பெட்டியிலேயே கிடக்கின்றன.

வாடகை ஒப்பந்தமும் ரசீதும் முதலில். ரசீது தராதவர் என்றால் இந்த மாதத்திலிருந்தாவது வாடகையை வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பேரூராட்சித் தொழில் உரிமம், தொழில் வரி ரசீது, மின் கட்டண அட்டை, உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜி.எஸ்.டி. சான்று ஆகியவற்றில் கடை முகவரி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எடைத் தராசுக்கு முத்திரை போட்டுத் தந்த சான்றுகளைத் தூக்கி எறியாதீர்கள்; எந்த ஆண்டில் எந்த இடத்தில் கடை இருந்தது என்பதற்கு அவை நல்ல சாட்சி. மொத்தக் கடைகளின் பழைய பில்லும் அப்படியே. கடையின் உள்ளும் புறமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அளவெடுக்க வரும்போது கூடவே நின்று, எழுதுவதைப் பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள்.

இடம் மாறினால் 15 நாட்களுக்குள் ஜி.எஸ்.டி. பதிவில் புதிய முகவரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தீ விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் அது பழைய முகவரிக்கே உரியது. சரக்கு இடம் மாறும் முன்பே கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். சரக்கின் பேரில் வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். காலி செய்யும் தேதி தெரிந்த நாளிலிருந்து கடனுக்குச் சரக்கு ஏற்றாதீர்கள். ஊர் நிலுவையை வசூலிக்கத் தொடங்குங்கள். புதுக் கடையின் முகவரியையும் போன் நம்பரையும் பழைய சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். அந்தச் சுவர் நிற்கும் கடைசி நாள் வரை அது நமக்கு வேலை செய்யட்டும்.

சங்கத்தின் கடமையும் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் பாதிக்கப்படும் கடைகளின் பட்டியலை, உரிமையாளர், வாடகைதாரர் என்று பிரித்து நாமே தயாரிக்க வேண்டும். நாளிதழில் வரும் அறிவிக்கையைப் பார்த்து, அந்த 21 நாள் கெடு ஓடும் முன் கடை கடையாகப் போய்ச் சொல்ல ஒருவரை நியமிக்க வேண்டும். ஆங்கிலத்தில் வரும் நோட்டீசை ஒரு சிறு கடைக்காரர் எதில் மடித்து வைப்பார் என்பது நமக்குத் தெரியாததல்ல.

நம்மிடம் வந்த அந்த அன்பர் இப்போது உள் தெருவில் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறார். பழைய கடையின் பலகைகளில் இரண்டை எடுத்து வந்து கல்லாவுக்கு அடியில் போட்டிருக்கிறார். வாடகையை வங்கியில் கட்டுகிறார். ரசீதைக் கோப்பில் போடுகிறார். "இதை அப்போதே செய்திருந்தால்" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொள்கிறார். அந்த வாக்கியத்தை நம்மில் இன்னொருவர் சொல்ல வேண்டி வராமல் பார்த்துக்கொள்வோம்.