மேலுக்கு முடியலை

"மேலுக்கு முடியலம்மா" என்றாள் என் அம்மா.

டாக்டரம்மா சின்ன வயசு. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். "மேலேன்னா எங்கேம்மா? நெஞ்சிலயா, தலையிலயா?" என்று அன்பாகத்தான் கேட்டார். அம்மா விழித்தாள். பிறகு, "குறுக்கு கடுக்கு. ராத்திரி பூரா ஓங்கரிச்சுக்கிட்டே கிடந்தேன். இப்பம் கிறக்கமா வருது" என்றாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் மேல் என்றால் உடம்பு. "மேலு கழுவிட்டு வாரேன்" என்றால் உடம்புக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வருகிறேன் என்று அர்த்தம். குறுக்கு என்றால் இடுப்பு. ஓங்கரிப்பது என்றால் வாந்தி வருகிற மாதிரி குமட்டுவது. கிறக்கம், தலைசுற்றல். இதையெல்லாம் நான் சட்டென்று சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கு ஒரு நிமிஷம் வாய் வரவில்லை. அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நானே விரட்டிவிட்டேன் என்பதுதான் உண்மை.

இடுப்பு வலி என்று புரிந்த பிறகுதான் டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தொற்று இருந்தது. மருந்தில் சரியாகிவிட்டது. ஆனால் வெறும் வாந்தி, மயக்கம் என்று நினைத்து ஏதோ ஒரு மாத்திரையோடு அனுப்பியிருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எனக்கு ஊர் கடம்பூர். கோவில்பட்டியிலிருந்து தெற்கே ரயிலில் போனால் மணியாச்சிக்கு முன்னால் வரும். போளி என்றால் உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும். கறுப்பு மண், மானம் பார்த்த பூமி, கம்பும் பருத்தியும் உளுந்தும்தான் வெள்ளாமை. 1986-ல் மாவட்டம் பிரிந்து நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள் ஆகிவிட்டோம். இருந்தாலும் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பேச்சு இன்னமும் "திருநெல்வேலிப் பேச்சு"தான்.

2002-ல் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். வந்த வாரமே பலசரக்குக் கடையில், "அண்ணாச்சி, காணம் இருக்கா?" என்று கேட்டேன். அந்தக் கடைக்காரர் நம்மூர் அண்ணாச்சி இல்லை. "என்னம்மா காணோம்?" என்று பதறிப்போய்க் கீழே தேட ஆரம்பித்துவிட்டார்! கொள்ளைத்தான் நாங்கள் காணம் என்போம். கொத்தவரங்காயைச் சீனியவரைக்காய் என்று கேட்டு, காய்க்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

வார்த்தைகளையாவது மாற்றிக்கொள்ளலாம். நாக்கை என்ன செய்ய? சொல்கிறேன், பார்க்கிறேன் என்பதை நாங்கள் 'சொல்லுதேன்', 'பாக்கேன்' என்போம். மழை எங்களுக்கு 'மள'. மாடி வீட்டுப் பெண்கள், "இன்னொரு தரம் சொல்லுங்களேன், கேக்க ஜாலியா இருக்கு" என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி ஆடச் சொன்னால் அதற்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. வாயைத் திறக்கும் முன் மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இரண்டே வருஷத்தில் பேச்சை முழுசாக மாற்றிவிட்டேன்.

என்னவருக்கும் கோவில்பட்டிப் பக்கம்தான். அவர் இன்று வரை ஒரு எழுத்து மாற்றவில்லை. ஆபீஸில் அவரை "வெள்ளந்தியான மனுஷர்" என்று கொண்டாடுகிறார்கள். அதே பேச்சை நாம் பேசினால் பட்டிக்காடு! இந்த நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தியும் மதினிமார்களும் வழக்கம்போல முற்றத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்ப் பேச ஆரம்பித்தேன். பேச்சு மெல்ல அடங்கியது. மதினி எழுந்து போய் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர்களெல்லாம் தரையில், நான் மட்டும் நாற்காலியில்! ராத்திரி அம்மா சொன்னாள், "ஏட்டி, நீ பேசுதது ரேடியோப் பொட்டி பேசுத மாதிரி இருக்கு. ஒங்கிட்ட எதையும் சொல்லக் கூச்சமா வருது." நான் சிரித்து மழுப்பினேன். அந்த நாற்காலியை மட்டும் மறக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்து ஊரான இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணனை நினைத்துப் பாருங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத மனுஷர். 1982-லேயே கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி என்று எங்கள் பேச்சுக்கே ஒரு அகராதி போட்டார். 1980-களின் கடைசியில் புதுச்சேரிக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பிறகு அங்கேயே தங்கிவிட்டார். 2021 மே 17-ம் தேதி அங்கேதான் காலமானார். முப்பது வருஷத்துக்கு மேல் புதுவை வாசம், ஆனால் எழுத்தில் கரிசல் மண் போகவில்லை. 1991-ல் அவருக்குச் சாகித்ய அகாடமி பரிசு வாங்கித் தந்த 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலும் எங்கள் சனங்களின் கதைதான். இத்தனைக்கும் அவர் வீட்டில் பேசியது தெலுங்கு! எங்கள் சீமையில் அது சகஜம். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் இறங்கினால் கரிசல் தமிழ். ஒரு நாக்கில் இரண்டு பேச்சு இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர்ப் பேச்சை விட்டால்தான் சென்னைப் பேச்சு வரும் என்று எனக்கு யார் சொன்னது?

இன்னொரு விஷயமும் படித்தேன். 2009-ல் காத்லீன் வெர்ம்கே என்ற ஜெர்மன் பெண் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும், பிறந்து சில நாட்களே ஆன 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து பார்த்தார்களாம். பிரெஞ்சு பேசும் தாய்மாரின் குழந்தைகள் கீழிருந்து மேலே ஏற்றி அழுதனவாம். ஜெர்மன் குழந்தைகள் மேலிருந்து கீழே இறக்கி அழுதனவாம். அவரவர் பாஷையின் ராகப்படி! கர்ப்பத்தில் கடைசி மாதங்களில் தாயின் குரல் உள்ளே கேட்கிறது, அந்த ராகத்தைக் குழந்தை பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள். என் மகளுக்கு வளைகாப்பு முடிந்து ஏழாம் மாசமே நான் கடம்பூர் போய்விட்டேன். மூன்று மாசம் அம்மாவோடும் அக்கம்பக்கத்தாரோடும் ஓயாத பேச்சு. வயிற்றுக்குள் அவளும் கேட்டிருப்பாள். அவள்தான் பள்ளிக்கூட நாளில், "என் ஃபிரண்ட்ஸ் முன்னால ஆச்சி மாதிரிப் பேசிடாதேம்மா" என்றவள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வெட்கத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே.

இப்போது கடையில் கொள்ளு, வீட்டில் காணம். அம்மாவுக்குத் தினமும் போன் செய்கிறேன். முதலில் நாக்கு இடறியது. வேஷம் போடுகிற மாதிரிகூட இருந்தது. அம்மாவும், "என்னட்டி, கேலி பண்ணுதியா?" என்றாள். ஒரு மாசத்தில் 'சொல்லுதேன்' தானாக வந்துவிட்டது. அதன் பிறகுதான், ஒரு வருஷமாக வகுறு சரியில்லாமல் இருந்ததையும், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதையும் அம்மா என்னிடம் சொன்னாள். அதுவரை கேட்டபோதெல்லாம் "நல்லாத்தான் இருக்கேன்" என்ற ஒரே பதில்தான்.

ஊரிலிருந்து பெரியவர்களை அழைத்து வந்து வைத்தியம் பார்க்கிற சகோதரிகளுக்கு ஒரு யோசனை. அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலில் முதல் பக்கமாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். மேல், உடம்பு. குறுக்கு, இடுப்பு. மண்டையிடி, தலைவலி. தடுமன், ஜலதோஷம். இப்படிப் பதினைந்து இருபது வார்த்தைகள். நான் கூட இல்லாத நேரத்தில் யார் அழைத்துப் போனாலும் உதவும். நர்சுகூட அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படி இருந்தா எங்களுக்குச் சுலபம்" என்றாள். அந்தத் தாளை எழுதியது என் மகள்தான். சொல்லச் சொல்ல எழுதினாள்.

எழுதி முடித்துப் போனில் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினாள். முழுசும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "நாடியை விட்டுட்டியேட்டி. போன மாசம் படியில விழுந்து எனக்கு நாடியிலதான அடிபட்டுச்சு? டாக்டர் கையைப் பிடிச்சுல்லா பாத்தாரு!"

மகள் பேனாவை எடுத்து, 'நாடி, மோவாய்' என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.